வராத குதிரையைப் பற்றி நான்கு பக்கங்கள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்கத்தில் பிறந்தது. என் மேசை இழுப்பறையில் எட்டு மாதமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடக்கிறது. அதற்குள் ஒரு வெளிநாட்டுப் படத்தின் டிவிடி. இரவல் கொடுத்தவரிடம் "பார்த்துவிட்டேன், பிரமாதம்" என்று சொன்னேன். பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம் என்றால் கதை எதற்கு? இரவல் வாங்கியதைத் தொடாமலே புகழாத எழுத்தாளன் இந்தத் தமிழ்நாட்டில் எவன் இருக்கிறான், சொல்லுங்கள்.

ஆனால் என் புளுகு ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதைக் கிளப்பத்தான் இதை எழுதுகிறேன். (கிளப்ப வேண்டுமானால் வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரம் போனால் போதும். அரை மணி நேரம். எழுதுவது அதைவிடச் சௌகரியமாக இருக்கிறது.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"செட்டிநாட்டு வெயிலில் வெள்ளி நிலவுகளாய்ச் சுழலும் அந்தத் தட்டுகள்..." சீ. எனக்கே குமட்டியது.

"உலக சினிமாவைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்ததில் குறுந்தகடு என்னும் ஊடகம் வகித்த பங்கை நாம் இன்னும் சரிவர" – இதை முடிக்கவில்லை. முடித்தால் யாராவது கருத்தரங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"குழந்தைவேலு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்." இது தேறும். இதையே வைத்துக்கொள்வோம்.

குழந்தைவேலு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். விவசாயக் குடும்பம். நாச்சியாபுரத்தில் கடை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் புகைந்துபோகிற மோட்டாரெல்லாம் அவர் மடிக்குத்தான் வரும்; உள்ளே கருகிய கம்பியைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவார். கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை. அந்தக் கையோடு வீட்டுக்குள் போனால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பீரோவைத் தொடுவார். பீரோவுக்குள் ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். கறுப்பு வெள்ளை, பேசாத படம், பேசிக்கொண்டே இருக்கிற படம், எடுத்த நாட்டிலேயே ஓடாமல் பிறகு நூறு பேர் தலையில் வைத்துக் கொண்டாடிய படம், எல்லாம். இடையிடையே அந்துருண்டை. அவர் மனைவி ரோகிணியின் பட்டுப்புடவைகள் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

சிங்கப்பூர் போகிறவர்களிடம் ஊர் முழுக்கத் தைலம் வாங்கிவரச் சொல்லும். இவர் மட்டும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார். "இதெல்லாம் போன்லயே கெடைக்குதே அண்ணே" என்று ஒருவன் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை நான் கூடவே இருந்து கேட்டேன்.

"போன்ல இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் பாத்தா எடுத்துருப்பான். டப்பாவுல இருந்தா எவன் வந்து எடுப்பான்?"

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: படங்களின் அசல் பெயர்கள் குழந்தைவேலுவின் வாயில் நுழையாது. அதனால் ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, பார்த்த மாத்திரத்தில் தெரிகிற மாதிரி எழுதிவைப்பார். "கெணத்துப் படம்." "மழைப் படம், ரெண்டு பேரும் செத்துருவாக." என்னிடம் இருக்கும் டப்பாவில் "கல்யாணப் படம்" என்று எழுதியிருக்கிறது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு கிராமத்துக் கல்யாணம், இரண்டே முக்கால் மணி நேரம், யாரும் வாயே திறப்பதில்லை. இந்தக் கதையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பெயரைத்தான்.

3

மாசி மாதம் அவர் அதைக் கொடுத்தார். கொடுக்கும்போது டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. ஏழு தடவை பார்த்த படம், அதில் என்ன இருக்கும் என்று தெரியாதா?

"எழுத்தாளர் நீங்க பாத்துட்டுச் சொல்லணும்ணே. எனக்கு என்னமோ பண்ணுது. என்னன்னு சொல்லத் தெரியல."

நான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். பத்து வரி ஆங்கிலம், ஒரு குதிரையின் படம். பத்து நாள் கழித்து அவர் கேட்டபோது "பிரமாதம்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். என் போதாத காலம், அப்போது பார்த்து ஒரு சிற்றிதழ்க்காரர் சினிமா சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டார். நான்கு பக்கம் எழுதினேன். மணப்பெண்ணின் மௌனத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம், குதிரையைப் பற்றி இரண்டரைப் பக்கம். குதிரைதான் அந்தக் கிராமத்தின் மனசாட்சி என்று நிறுவியிருந்தேன்.

இதழ் வந்த அன்று குழந்தைவேலு கடையைப் பூட்டிக்கொண்டு காரைக்குடிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, படத்துல குதிரையே வரலையே!"

டப்பாவின் பின்பக்கம் இருந்த குதிரை வேறொரு சினிமாவுக்கான விளம்பரமாம், அதே கம்பெனியாம். பிறகுதான் தெரிந்தது.

"ஆனா வராத குதிரையப் பத்தி எழுதியிருந்தீக பாருங்க... ஏழு தடவ பாத்தேன், எனக்குத் தோணலையே அண்ணே. குதிரை ஏன் வரலைன்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?" கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நான்கு பக்கத்தையும் சட்டம் போட்டு பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

(இங்கே ஒரு வாக்குமூலம். நான் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். "இதில் கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று தினமும் எழுதுகிறேன். தொழில் வேறு, இலக்கியம் வேறு.)

4

இனிமேல்தான் கதை. சிரிக்கிறதை இங்கே நிறுத்திக்கொள்ளலாம், நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

ரோகிணியின் அப்பா பொன்னழகு போன ஐப்பசியில் இறந்துபோனார். இளையாத்தங்குடிக்காரர். கடைசி வரைக்கும் பட்டன் போன், அதனால் அவர் பேசிய பேச்சு எதிலும் பதிவாகவில்லை, ஒன்றைத் தவிர. இருபது வருஷத்துக்கு முன்னால் மகளுக்குக் கல்யாணம் செய்தபோது எடுத்த சிடி. எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோ இப்போது இல்லை. இந்த வருஷம் முதல் திதி. அதற்குள் அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ரோகிணிக்கு ஆசை. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சிடியைத் தன் கையால் எடுத்துப் பத்திரமாக வைத்ததாக ரோகிணி சொல்கிறார். எங்கே? "கல்யாணப் படம்" என்று எழுதியிருந்த டப்பாவில். கல்யாணப் படத்தைக் கல்யாணப் படம் என்று எழுதியிருக்கிற டப்பாவில் வைக்காமல் வேறு எதில் வைப்பார்கள்?

குழந்தைவேலு என்ன சொன்னார் தெரியுமா? சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டினாராம்.

"அந்த டப்பா அண்ணன்கிட்டல்ல இருக்கு. முழுப் படத்தையும் பாத்து நாலு பக்கம் எழுதியிருக்காக. உள்ள ஒன் கல்யாண சிடி இருந்தா சொல்லியிருக்க மாட்டாகளா? இந்தா, அச்சுல வந்திருக்கு பாரு."

ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது டப்பாக்களையும் திறந்து பார்த்தார்கள். மூன்று நாள். என்னிடம் இருந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை, ஏனென்றால் அதை நான் பார்த்திருந்தேன்.

5

என் முதல் வரைவில் ரோகிணியை மறதிக்காரியாக எழுதியிருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பார், சாவியை மறப்பார், புருஷனின் படங்களைக் கண்டாலே எரிந்து விழுவார். வாசகர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் பாரம் குறையும். அடித்துவிட்டேன். அவர் அங்கன்வாடி ஆசிரியர். இருபத்தெட்டுக் குழந்தைகளில் எது எதற்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நடந்ததில் ஒரு தடவை, கதையில் ஒரு தடவை என்று அதே பெண்ணை நான் இரண்டு தடவை கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அவரே போன் செய்தார்.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கல்யாணப் பட டப்பாவத் தொறந்தப்ப உள்ள ஒரு சிடி இருந்துச்சா, ரெண்டு இருந்துச்சா?"

நான் அதைத் திறந்ததே இல்லை. "ஒண்ணுதாம்மா" என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே. எங்கப்பா அதுல கேமராக்காரரை வெரட்டுவாக. அந்தச் சத்தத்தைத்தான் கேக்கணும்னு இருக்கேன்."

"ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

"சரிண்ணே. அப்ப எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு போல. நான் வச்சேன்னு சத்தியமே பண்ணினேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை வைத்த கையோடு டப்பாவைத் திறந்தேன். இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, மேலே இருந்ததில் மார்க்கர் பேனாவால் "ரோகிணி – குழந்தைவேலு".

போட்டுப் பார்த்தேன். எனக்கு அதைப் பார்க்க எந்த உரிமையும் கிடையாது. நாற்பதாவது நிமிடத்தில் பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சாம்பார் வாளியோடு வருகிறார், கேமராவைப் பார்த்ததும் முகம் சுருங்குகிறது. "இங்குட்டு என்னத்தய்யா எடுக்குற? அங்குட்டுப் போய் எம்புள்ளய எடு!" அவ்வளவுதான். நாலைந்து வினாடி. நான் அழுதேன், மறைக்கவில்லை.

6

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. நாச்சியாபுரம் போகிறேன். ரோகிணி காபி போட உள்ளே போகிறார். சிடியைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடுகிறேன். நாளைக்கே கூட்டும்போது கிடைத்துவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். குறை: பீரோவுக்கு அடியில் கிடைத்தால், டப்பாவில் வைத்தேன் என்று ரோகிணி சொன்னது என்றைக்கும் பொய்யாகவே நின்றுவிடும்.

ஆ. "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கவனிக்கல" என்று சொல்லிக் கொடுக்கிறேன். படம் பார்த்தவனாகவும் இருக்கலாம், நல்லவனாகவும் இருக்கலாம். குறை: கல்யாண சிடிதான் மேலே இருந்தது. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது. இழை இழையாகக் கம்பி சுற்றுகிற மனுஷனுக்கு இது தெரியாமல் போகுமா?

இ. உண்மையைச் சொல்கிறேன். குறை: குதிரை. என் எழுத்தை உலகத்திலேயே சட்டம் போட்டு மாட்டிய ஒரே ஆள் குழந்தைவேலு. அவர் அந்தச் சட்டத்தைக் கழற்றும்போது சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும். அதை என்னால் தாங்க

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். அங்கே ஒரு பெண் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

7

திதி வியாழக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். பத்திரிகைக்கு இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்பதால் புதன்கிழமையை இப்போதே எழுதுகிறேன்:

"புதன்கிழமை காலையில் போனேன். குழந்தைவேலு மடியில் மோட்டாரோடு வீட்டு வாசலில் இருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போய், ரோகிணியின் கையில் டப்பாவைக் கொடுத்தேன். 'நீங்க வச்ச எடத்துலதாம்மா இருந்துச்சு. நான் தொறக்கவே இல்ல. அந்தப் படத்தையும் பாக்கல' என்றேன். வாசலில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்."

இது நடந்ததா என்று கேட்பீர்கள். அச்சில் வந்திருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அப்படி ஒரு தடவை நம்பித்தான் இவ்வளவும். பெயர் எதையும் நான் மாற்றவில்லை. நாச்சியாபுரத்தில் இறங்கிக் காயில் கட்டுகிற கடை எது என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். வீடு பின்னாலேயே. ரோகிணியைக் கேளுங்கள். அவர் ஒன்று சொல்லி, இந்தப் பக்கத்தில் வேறொன்று அச்சாகியிருந்தால், அவர் சொல்வதுதான் நடந்தது.