எத்தனை படி?

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். கொத்தனார் படுத்த படுக்கையானது மழைக்கு முன்பா, மழை விட்ட பிறகா என்று கேட்டால் தடுமாறுவேன். அவர் மனைவியே அந்த நாட்களை ஒரு முறை சொன்னதுபோல மறுமுறை சொன்னதில்லை. ஆனால் படிகளின் எண்ணிக்கை மட்டும் அவள் வாயில் ஒருநாளும் மாறியதில்லை. அதை நம்பித்தான் மற்றதையும் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு முட்டைக் கொத்தனார் என்று பெயர். மாட்டுச் சாணத்திலிருந்து அடுப்புக்கு எரிவாயு எடுக்கும் குழி கட்டுவதில் கைதேர்ந்தவர். மண்ணுக்குள் செங்கல்லை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கவிழ்த்த முட்டை ஓடு மாதிரி மூடிவிடுவார்.

"உள்ள கோழி உக்காந்திருக்கா கொத்தனாரே?" என்று போகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

"எடம் காலியாத்தான் இருக்கு. எறங்கி நீயே அடைகாத்துட்டுப் போ" என்பார்.

முதல் குழியைக் கட்டியது சொந்த வீட்டின் பின்புறத்தில். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற நாற்பது வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். குழியைவிட அவருக்குப் பெருமை, நாலு மாடு நிற்கும் கொட்டகையின் தரைதான். மாட்டைக் கழுவினாலும் தரையைக் கழுவினாலும் தண்ணீர் தானாக ஓடி, குழிக்குப் போகும் சாணத்தைக் கரைக்கும் தொட்டியில் போய் விழும்படி வாட்டம் கொடுத்துப் பூசியிருந்தார். ஒரு கோலிக்குண்டை எந்த மூலையில் வைத்தாலும் அது உருண்டு அந்தத் தொட்டிக்கே வரும். விருந்தாளி வந்தால் டீ கொடுப்பதற்கு முன்னால் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

குழிக்கு மறுபுறம், கரைசல் வெளியே வரும் தொட்டி. அதன் உள்சுவரில் ஆறு படிகள். குழிக்குள் வாயு சேரச் சேர, அது கரைசலை அழுத்தி இந்தத் தொட்டிக்குத் தள்ளும். அடியிலிருந்து படிகள் ஒவ்வொன்றாக மூழ்கும். நாலு படி மூழ்கியிருந்தால் அன்றைய சமையலுக்குக் கவலையில்லை.

முப்பது வருஷத்துச் சிமெண்ட் தூசி நெஞ்சில் இறங்கி அவரைக் கட்டிலில் சாய்த்த பிறகும், விடிந்ததும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

"எத்தனை படி?"

"நாலு."

அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் பேசமாட்டார்கள். பேச ஒன்றும் இல்லாததால் அல்ல. அந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள்.

மகள் வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு நாள் லீவில் வந்தவள் கொட்டகையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, ஈ இப்படி மொய்க்குது? அப்பா நெஞ்சுக்கு ஒரு சின்னக் கிருமி போதும். தினமும் பினாயில் ஊத்திக் கழுவு. வீட்டையும் கழுவு, கொட்டகையையும் கழுவு."

"மாடு நிக்கற எடம் ஆஸ்பத்திரி மாதிரியாடி இருக்கும்?"

"ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கு. இல்லேன்னா அப்பாவ அங்கதான் கொண்டுபோய்ப் படுக்கவைக்கணும்."

அந்தப் பேச்சு அம்மாவைச் சுட்டது. மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன பெரிய கேனிலிருந்து காலையும் மாலையும் மூடி மூடியாக ஊற்றினாள். இரண்டு மூடி போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். புருஷன் விஷயமாயிற்றே என்று அவள் நாலு மூடி ஊற்றினாள். ஈ குறைந்தது. கொட்டகை பளிச்சென்று ஆனது. வெள்ளைத் தண்ணீர் வாட்டம் பார்த்து ஓடியது.

பத்து நாளில் மூன்று படி. அப்புறம் இரண்டு. அடுப்பில் நீல ஜ்வாலை சிறுத்து, மஞ்சளடித்து, பால் பொங்குவதற்குள் அணைந்தது.

"எத்தனை படி?"

"நாலு" என்றாள்.

அந்த ஒரு நாள் மட்டும் என்று நினைத்துத்தான் சொன்னாள். மறுநாளும் நாலு என்றாள். கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்து, புகை வீட்டுப் பக்கம் திரும்பாத நேரமாகப் பார்த்துச் சமைத்தாள். அவர் பாலை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"கடைசி ரெண்டு வரிசைக்கு மூட்டை அடியில கெடந்த சிமெண்ட்டப் போட்டேன். ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்துச்சு. சலிச்சுக்கிட்டா போதும்னு நெனச்சேன்."

"எந்தக் கடைசி ரெண்டு வரிசை?"

"நம்ம குழி."

"பன்னெண்டு வருஷம் தாங்கினது இன்னைக்கா விடும்? நீங்க ஒண்ணு."

"விடும். வெடிப்பு விழுந்தா வாயு நிக்காது." மூச்சு வாங்கினார். "என் வீட்டு முட்டையே ஒடைஞ்சிருச்சுன்னா, நாப்பது வீட்டுல என்னத்தக் கட்டிக் குடுத்தேன் நான்?"

மறுநாள் காலையே அவள் காஸ் மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். கொத்தனார் கட்டிய குழிகளுக்கெல்லாம் குழாய் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். போகிற உயிர் இந்தக் கேள்வியோடு போகக்கூடாது என்பதைத் தவிர அவள் மனசில் அப்போது வேறொன்றும் இல்லை.

மெக்கானிக் வால்வை மூடினார். கரைசல் நிற்கும் மட்டத்தில் கரியால் ஒரு கோடு போட்டார். "வெடிப்பு இருந்தா நாளைக்குக் கோட்டுக்குக் கீழ எறங்கிடும்க்கா" என்று போய்விட்டார். மறுநாள் வந்து குனிந்து பார்த்தார். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"அண்ணன் கட்டினது அப்படியே இருக்கு. ஓட்டையும் இல்ல, ஒடசலும் இல்ல." பிறகு ஒரு குச்சியைக் கரைசலில் விட்டு எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "கொட்டகைய என்ன ஊத்திக் கழுவறீங்க?"

அவள் கேனைக் காட்டினாள்.

அவர் கேனையும் பார்த்தார், தரையின் வாட்டத்தையும் பார்த்தார். "உள்ள இருக்கறதும் உயிருங்கக்கா. கண்ணுக்குத் தெரியாத உயிரு. அதுங்க சாணத்தத் தின்னாத்தான் வாயு வரும். நீங்க தெனம் ரெண்டு வேளை மருந்து ஊத்திக் கொன்னுருக்கீங்க."

அவள் கேனை இறுக மூடி ஓரமாக வைத்தாள். அழவில்லை. பிறகு நேராக உள்ளே போனாள்.

"என்னங்க, குழியில ஒரு கொறையும் இல்ல. நான்தான் பினாயில ஊத்திக் கெடுத்துட்டேன். உங்க சுவரு கல்லு மாதிரி இருக்கு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. சிரித்தார்.

"நேத்து எத்தனை படின்னு சொன்ன?"

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நாலுன்ன. பாலுல பொகை நாத்தம் அடிக்குது."

"அது பொய்தாங்க. இது நெசம்."

மெக்கானிக்கும் உள்ளே வந்து, கோடு போட்டுப் பார்த்ததைச் சொன்னார்.

"உன்னையும் சேத்துக்கிட்டாளா?" என்றார் கொத்தனார். "நல்ல மனசுதான் ரெண்டு பேருக்கும்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே, அவர் கடைசியாகக் குழி கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து இருபது வாளிக் கரைசல் கொண்டுவந்து ஊற்றினார்கள். புது உயிர் பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். கோலிக்குண்டு உருண்டோடித் தொட்டிக்குப் போகும் வழியை அவள் ஒரு கல் வைத்து அடைத்தாள். கழுவிய தண்ணீரை வாளியில் அள்ளித் தெருக்கோடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். அதற்குப் பிறகு அவரிடம் உள்ளதை மட்டுமே சொன்னாள்.

"எத்தனை படி?"

"ஒண்ணு."

மறுநாள், "ஒண்ணு." அதற்கு மறுநாள், "ஒண்ணுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அவள் சொன்ன ஒவ்வொரு நிஜமும் அவருடைய வெடிப்புக்கே சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. அது தெரிந்தும் சொன்னாள். இன்னொரு முறை நாலு என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. உண்மையாகவே நாலு படி மூழ்கும் நாளில் அவர் நம்பவேண்டும் என்று காத்திருந்தாள்.

பதினோராம் நாள் காலையில் அவர் கேட்கவில்லை. அவளாகவே, "ஒண்ணுங்க" என்றாள்.

"ம். இதையாவது உள்ளபடி சொல்ற" என்றார். மத்தியானம் போய்விட்டார்.

மகள் வந்து அழுது ஓய்ந்த பிறகு, கொட்டகைப் பக்கம் போனவள் கேனை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். "நல்லா சுத்தமாத்தான் வச்சிருந்திருக்கம்மா. பாதிக்கு மேல தீந்துருச்சே, வேற வாங்கி அனுப்பவா?"

சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தாள்.

"வேணாம்டி. மாட்டுக்கு ஒத்துக்கல" என்றாள்.

கரைசல் ஊற்றிய இருபத்தாறாம் நாள் விடிந்தபோது மூன்று படி மூழ்கியிருந்தது. அடுத்த வாரம் நாலு. அவள் தொட்டியோரம் நின்று எண்ணினாள். மறுபடி எண்ணினாள். வழக்கப்படி வீட்டுப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு மாடு கத்தியது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. ஏனத்தை வைக்காமல், அது எரிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் இப்போதும் அந்த வீடுகளுக்கெல்லாம் குழாய் பார்க்கிறார். போகிற வீடுகளில் கொட்டகையை என்ன ஊற்றிக் கழுவுகிறீர்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறார். மகள் அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகிவிட்டாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது குழிகளில் ஒன்றில்கூட வெடிப்பு விழவில்லை. வீட்டுக் குழியும் அப்படியே இருக்கிறது. நாலு மாட்டில் இரண்டை விற்றாயிற்று. ஒரு ஆளுக்கு இரண்டு மாட்டுச் சாணம் போதும். கொத்தனார் மனைவி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். விடிந்ததும் போய்ப் படிகளை எண்ணுகிறாள். யாரிடமும் சொல்வதில்லை.