முதல் நிமிட வெளிச்சம்

விளக்கைப் போட்டுவிட்டு அவள் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். இனி அரை மணி நேரம் ஒன்றும் செய்யக் கூடாது. சும்மா இருப்பதுதான் அங்கே வேலை.

சோதனை அறையின் நாலு சுவரும் கூரையும் தரையும் கறுப்பு. அவள் போட்டிருந்த நீண்ட கோட்டும் கறுப்பு. வெளிர் நிறத்தில் எது இருந்தாலும் ஒளி அதில் பட்டுத் திரும்பி மீட்டரின் எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். விளக்கு அறையின் ஒரு கோடியில், மீட்டர் பத்தடி தள்ளி ஒரு தாங்கியின் மேல். மைதானங்களுக்கும் சரக்கு முற்றங்களுக்கும் போகிற பெரிய எல்.ஈ.டி. விளக்குகள் அவை. ஒரு தரம் நேராகப் பார்த்துத் தொலைத்தால் அப்புறம் சாப்பாட்டுத் தட்டிலும் பச்சை வட்டம்தான் தெரியும். செல்போனையும் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆக, பேச்சுத் துணைக்கு விளக்கை விட்டால் ஆளில்லை.

"என்ன, நீயாவது ஒழுங்கா இருப்பியா?" என்று கேட்டாள். விளக்கு லேசாக ரீங்காரம் போட்டது.

ஒன்பது வருடமாக இப்படித்தான். தொழிற்சாலையில் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். பெயர் வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் மட்டும் தங்கிவிட்டது. சாப்பாட்டு மணி அடிக்கும்போது எரிகிற விளக்கைப் பாதியில் விட்டு அவளால் வர முடியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் வந்து சேரும்போது மற்றவர்கள் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். "வாங்க இருட்டக்கா, வெளியில பகல்னு யாராச்சும் தகவல் சொன்னாங்களா?" என்பாள் பேக்கிங்கில் இருக்கும் பெண். அவளும் சிரிப்பாள். பிறகு எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் தனி ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

மகன் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்தான். பேரனுக்கு ஒன்றேகால் வயது. அவனை அவள் இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறவள் பத்து நாள் காணாமல் போனால், திரும்பி வரும்போது முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். நிரந்தரமாகிவிட்டால் வருடத்துக்குப் பதினைந்து நாள் விடுப்பு, யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்த வருடப் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஞாயிறுதோறும் மகனிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "லீவு கெடச்சதும் வாம்மா. சரி, வெச்சிடவா?" என்பான் அவன். அவனைக் குறை சொல்லி என்ன, அவனுக்கும் பிழைப்பு.

அப்படி ஒரு புதன்கிழமை, புதிதாக வந்திருந்த மேனேஜர் கதவைத் தட்டினார். கையோடு ஒரு முக்காலியும் கொண்டுவந்திருந்தார். ஒன்பது வருடத்தில் அவள் முக்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது அன்றுதான்.

"இவ்வளவு நேரம் இருட்டுல என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்," என்றார்.

அவளுக்கு வாயெல்லாம் பல். இதைக் கேட்க ஒரு ஆள் வர மாட்டாரா என்று இத்தனை வருடம் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு விளக்கைப் பொருத்தி, பொத்தானை அழுத்தி, மீட்டரைக் காட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"எவ்வளவு வரணும்?"

"கொறஞ்சது முந்நூத்தி அறுபது சார்."

"அப்போ பாஸ்!"

"அவசரப்படாதீங்க சார். இது புது மாப்பிள்ளை மாதிரி. மொத வாரம் மாமியார் வீட்ல அவரே குடம் தூக்குவாரு. சூடு ஏறட்டும், சுயரூபம் அப்பத்தான் தெரியும்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். விளக்கின் முதுகில் இருக்கும் உலோகம் சூட்டை வாங்கி வெளியே விடவேண்டும். இந்தப் புது அச்சில் அதை இளைக்க வைத்துவிட்டார்கள். சூடு உள்ளேயே நின்றுவிடுகிறது, வெளிச்சம் இறங்குகிறது. அரை மணி நேரத்துக்கு அப்புறம் காட்டுகிற எண்தான் நிஜம், வாங்கினவன் இடத்தில் எரியப் போவது அதுதான். அரை மணி முடிந்தபோது மீட்டர் முந்நூற்று நாற்பத்தொன்று காட்டியது.

"அடேங்கப்பா! மொத நிமிஷம் பாத்தா பாஸ், அரை மணி கழிச்சுப் பாத்தா ஃபெயிலா? எனக்கு இது தெரியாதேக்கா. நீங்க டீச்சரா போயிருக்கணும்."

அன்று மாலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு வரை பொறுக்காமல் மகனைக் கூப்பிட்டாள். "என்னம்மா, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று பதறினான். "ஒண்ணுமில்லப்பா, சும்மா," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பெரிய ஆர்டருக்கு நாற்பது விளக்குகள் சோதனைக்கு வந்தன. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்ததில் பதினேழு தேறவில்லை, சிலது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அவற்றில் சிவப்பு ஸ்டிக்கர்களை ஒட்டி வரிசையாக வைத்தாள். மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இனிமேல் விளக்கைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அளவு எடுக்கவேண்டும் என்று அதில் இருந்தது. கீழே, 'சோதனையாளரின் அனுபவ ஆலோசனைப்படி' என்றும் இருந்தது.

"சார், நான் இப்படிச் சொல்லலியே. இது பொய்யில்ல?"

"பொய் எங்கக்கா இருக்கு? மீட்டர் காட்டுற நம்பரைத்தானே எழுதப் போறீங்க? நீங்க எனக்குக் காட்டினதுதான்." தாளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். "நிரந்தர லிஸ்ட் மாசக் கடைசியில மேல போகுது. நான்தான் அனுப்பணும்."

பேரனின் படம் ஒன்று செல்போனில் இருந்தது, ஒரு கையில் ஸ்பூனோடு. அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

பதினேழு விளக்குகளையும் மறுபடி பார்க்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் தேறின. சிவப்பு ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது.

அந்த வாரத்திலிருந்து சாப்பாட்டு மணி அடித்ததும் அவளால் வர முடிந்தது. மேஜையில் எட்டாவது ஆளாக உட்கார்ந்தாள். "அட, இருட்டு விடிஞ்சிடுச்சே!" என்றார்கள். அடுத்தவர் டப்பாவில் கை வைத்தாள், தன் டப்பாவை நகர்த்தினாள், பேக்கிங் பெண்ணின் மாமியார் கதையைக் கடைசிவரை கேட்டாள். மனசுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் பேக்கிங் பெண்ணிடம் மீட்டரைக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள், எண்ணைப் படித்தாள், எழுதினாள். கற்றுக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது.

"காலையில ஒரு மணி நேர வேலக்கா," என்றார் மேனேஜர், மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே. "இதுக்கு ஒரு ஆள நிரந்தரமாக்கச் சொன்னா மேல சிரிப்பாங்க. ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க காட்டின வழியில கம்பெனிக்கு எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா?"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டதற்கு இவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் அழுகையும் வந்தது. கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது முடித்தாள்.

கடைசி நாள் கறுப்புக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சோதனை அறையில் திரையைக் கழற்றி அட்டைப்பெட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்த நாற்பதில் மிஞ்சிய, சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இன்னும் போகாத ஒரு விளக்கைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். அந்தி கவிந்து வெளியே ஏற்கெனவே இருட்டிவிட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி சுவிட்சைத் தட்டினான்.

"யம்மா, பட்டப்பகல் மாதிரி இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் வெளியேறினார்கள். பேக்கிங் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

வாட்ச்மேன் ஸ்டூல்மேல் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். "வெளிய போற கையெழுத்து போட்டுடும்மா."

"கொஞ்சம் இருங்கண்ணே."

"பஸ் போயிடுமே?"

"போகட்டும். இனிமே எல்லா நாளும் எனக்கு லீவுதான்."

மதில் ஓரக் கல்லில் விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பஸ் வந்து நின்று புறப்பட்டது. எலக்ட்ரீஷியன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வாட்ச்மேன் இரண்டு தரம் அவளைப் பார்த்தார். கடிகாரம் பார்க்காமலே அவள் எழுந்து வந்தபோது சரியாக அரை மணி ஆகியிருந்தது.

வாட்ச்மேன் பக்கத்தைப் புரட்டி அவள் பெயரைத் தேடினார். பதிவேட்டைக் கையில் எடுத்து விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"மொதல்ல நல்லாத்தான் தெரிஞ்சுது. கண்ணாடி மாத்தணும் போல, கட்டமே தெரிய மாட்டேங்குது."

"உங்க கண்ணாடி நல்லாத்தாண்ணே இருக்கு," என்றாள்.

அவர் தடவிப் பார்த்து விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.