நூற்றிருபதாவது வீடு

ஹுவாய் தெங் குடியிருப்பைத் தனி ஊராக்க வேண்டும் என்று எங்கள் வட்ட அலுவலகத்துக்கு மனு வந்தபோது, சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பதிவுப் பிரிவில் எனக்கு அது ஒன்பதாவது வருஷம்.

மனுவில் இருந்ததெல்லாம் நியாயம்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பதினொரு குடும்பங்கள் வறட்சிக்குத் தப்பி வந்து, காட்டைத் திருத்தி உட்கார்ந்த இடம் அது. காகிதத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நோன் சாட் ஊரைச் சேர்ந்தது. ஊர்த் தலைவர் நோன் சாட்டில், தண்ணீர்த் தொட்டி அங்கே, தார் ரோடும் அங்கேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் ஹுவாய் தெங்காரர்கள் ஒரு கையெழுத்துக்கு முப்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

தனி ஊராக நூற்றிருபது வீடு வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் துணைத் தலைவி கம்புன் அக்காவின் மோட்டார் சைக்கிளில் இரண்டு நாள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டின் பதிவேட்டையும், அந்த நீலப் புத்தகத்தை, வாங்கிப் பார்த்தேன். நூற்றுப் பத்தொன்பதோடு நின்றது.

"ஒண்ணு குறையுது அக்கா."

"விகாரையைச் சேத்துக்கோயேன்."

"புத்தர் வந்து மனு குடுத்தா சேத்துக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், வயலின் கடைக்கோடியில் ஒரு குடிசையிலிருந்து புகை வருவதைப் பார்த்தேன்.

"அங்க யாரு இருக்கா?"

"என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினாள்.

விஷயம் ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் வீட்டுக்காரர் உதோம் அண்ணன் வேறு மாகாணத்துக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தபோது, மகன் சாயனைக் கொரியாவுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள் அக்கா. கேட்டால் விடமாட்டார் என்று கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது பையனின் பாய் சுருட்டி வைத்திருந்தது. மனுஷன் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் வருவார் என்று அவளும், அவள் கூப்பிடுவாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அவர் பெயர் மட்டும் அவள் வீட்டுப் புத்தகத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை நான் தனியாகக் குடிசைக்குப் போனேன். அவர் மீன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நம்பர் வாங்கி, உங்க பேரை இங்க மாத்திக்கலாமே அண்ணே."

"வாங்கினா நான் வீட்டை விட்டுப் போயிட்டேன்னு ஆயிடும்."

"போயிட்டீங்கதானே?"

"வயக்காட்டுக்கு வந்தேன். வேலை இன்னும் முடியல."

ஒரு வீடு குறைவதைச் சொன்னேன். ஊசி நின்றது.

"அவளா அனுப்பினா?"

"இல்ல. அவங்க கேக்கவே மாட்டாங்க."

"மாட்டா" என்றார், பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை. ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, "அந்தப் புத்தகத்துல பேரை எடுத்தா, ஏன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கு இடமே கிடையாது. தேதி மட்டும்தான்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து கணக்கெடுப்பை எழுதிக்கொண்டிருந்தேன். உதோம் அண்ணன் வந்து படிக்குக் கீழே நின்றார்.

"நீலப் புத்தகத்தைக் குடு. என் பேரை எடுக்கணும்."

"எதுக்கு?"

"உன் ஊருக்கு ஒரு வீடு குறையுதாமே."

அவள் உள்ளே போனாள். திரும்ப வர நேரமானது. புத்தகத்தோடு ஒரு கூடை ஒட்டரிசிச் சோறும் மீன் வறுவலும் கொண்டுவந்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"சாயன் பேசினானா?"

"ஞாயித்துக்கிழமை பேசுவான். வாரா வாரம் உன்னைத்தான் கேக்கறான்."

"என்ன சொல்லுவ?"

"வயக்காட்டுல இருக்காருன்னு."

"சரிதான்" என்றார். பிறகு சோற்றை உருட்டிக்கொண்டே, "இந்த வாரம் நானே வந்து சொல்றேன்" என்றார்.

கழிப்பறை இல்லாத குடிசைக்கு நம்பர் கொடுக்க முடியாது. விஷயம் பரவியதும் ஆளுக்கொரு சாமானோடு வந்துவிட்டார்கள். மூன்று நாளில் கட்டி முடித்தார்கள். அக்கா செங்கல் சுமந்தாள், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கொத்தனாரோடு சண்டையும் போட்டாள். நம்பர் தகட்டை நானே ஆணியடித்தேன்.

எட்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஹுவாய் தெங் பதினான்காம் எண் கொண்ட தனி ஊர் ஆனது. ஊர்த் தலைவர் தேர்தலில் கம்புன் அக்கா ஜெயித்தாள். அடுத்த மழைக்குள் ஓடையில் குழாய்ப் பாலம் போட்டார்கள்.

அவர்கள் இன்னும் தனித்தனி வீட்டில்தான் இருக்கிறார்கள். புது ஊருக்கு ஒலிபெருக்கிக் கம்பம் நட மேடான இடம் தேடியபோது, உதோம் அண்ணன் தன் குடிசைப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தினமும் காலை ஆறு மணிக்கு ஊர் அறிவிப்புச் சொல்லும் தலைவியின் குரல் முதலில் அவர் காதில்தான் விழும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணே?"

"மாட்டு ஊசிக்குப் புதன்கிழமைன்னு மைக்குல சொல்றா. ஆனா வியாழக்கிழமைதான். போய்ச் சொல்லிட்டு வரேன்."

"ஃபோன்ல சொல்லலாமே?"

"நேர்ல சொன்னாத்தான் ஒத்துக்குவா" என்று வரப்பில் இறங்கி நடந்தார்.