பிரேக்கை விடு, கெல்வின்

"விடு கெல்வின், கொஞ்சமா விடு!" என்று கத்திக்கொண்டே நோலீன் காரையும் கேரவனையும் பிணைக்கும் இரும்புப் பின்னை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே இழுத்தாள். அது அசையவில்லை. காரின் பின்பக்கத்தில் சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அவை எரிகிறவரை அவள் கணவரின் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது.

"விட்டாச்சு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க விட்ட? லைட்டு எரியுது. நெஞ்சுதான உனக்குக் கெட்டுப்போச்சு, காலுமா?"

எதிர்க்கரையில் ஒரு காக்கை மட்டும் குழந்தை சிணுங்குவதுபோல இழுத்துக் கத்தியது.

காலையில் பதினோரு மணிக்கு ஓடையைக் கடந்தபோது மணல் மேலே காய்ந்துதான் தெரிந்தது. கார் அடுத்த கரையில் ஏறிவிட்டது. பின்னால் வந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவனின் வலது சக்கரம் அச்சுவரை உள்ளே போய்விட்டது. கெல்வின் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது முறை அழுத்தும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்றார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி மில்பாரா மாட்டுப் பண்ணை. அங்கே மண்ணால் ஆன ஓடுபாதை ஒன்று உண்டு. நோலீன் காரின் ரேடியோவில் கூப்பிட்டதும், பண்ணைக்காரரின் மனைவி மார்னிதான் டாக்டர் விமானத்தை வரச் சொன்னவள்.

"நோலீன், கேக்குதா? விமானம் கிளம்பிடுச்சு. மூணு மணிக்குள்ள அவரைக் கொண்டு வந்துடுங்க. மேக்கால கறுத்துக்கிட்டு வருது. எங்க கரிசல் நனைஞ்சா கொழகொழன்னு ஆயிடும், அப்புறம் ஒரு வாரத்துக்கு எதுவும் எறங்காது. எங்க ஆளுங்க எல்லாம் மாடு திரட்டப் போயிட்டாங்க, இங்க ஒரு வண்டி கூட இல்ல. கேரவன் கெடந்தா கெடக்கட்டும். காரை மட்டும் கழட்டிக்கிட்டு வாங்க."

கழற்றுவதாம். சொல்வது சுலபம்.

இரண்டு வருடங்களுக்கு முன் டூவூம்பா நகரில் ஒரு கடையின் மேசையில், காரோடு கேரவனைக் கோக்கும் கப்ளிங்குகள் மூன்றை வரிசையாக வைத்தார்கள். ஒன்று எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண உருண்டை. பிடியைத் தூக்கினால் கழன்றுவிடும். நோலீன் பதினைந்து வயதிலேயே அப்பாவின் படகு வண்டியை அப்படி ஒற்றைக் கையால் கழற்றியிருக்கிறாள். "இது போதும்" என்றாள்.

"தார் ரோட்டுக்குப் போதும்மா" என்றான் கடைக்காரன். "மேடு பள்ளத்துல கார் ஒரு பக்கம் சாயும், கேரவன் இன்னொரு பக்கம் சாயும். உருண்டை அவ்வளவு திரும்பாது. ஒண்ணு முறிஞ்சுடும், இல்ல காரையும் சேத்து இழுத்துக் கவுத்துடும்."

இரண்டாவதில் ரப்பர் மாதிரி ஒரு கட்டையும் அதற்குள் நீளமான போல்ட்டும் இருந்தன. மூன்றாவது முழுக்க எஃகு. மேலிருந்து ஒரு தடித்த பின் இறங்கும், நடுப்பகுதி முழு வட்டமாகச் சுழலும். கெல்வின் அதை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கக்கூட அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பின்னாடி கேரவன் தலைகீழா கவுந்தாலும் கார் நாலு கால்ல நிக்கும், நோலீன்."

"சரி, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதை நான் ஒத்தையா கழட்டுவேனா?"

"எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று சிரித்தார்.

அன்றைக்கே இதய மருத்துவரின் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான்கு மாதம் கழித்துத் துணி துவைக்கும்போதுதான் அது அவள் கைக்கு வந்தது.

அந்த எஃகுக் கப்ளிங்குக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கேரவன் பின்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் பின் இறுகிக்கொள்ளும். ஒருவர் பிரேக்கை மயிரிழை தளர்த்த வேண்டும். கார் அந்த ஒரு அங்குலம் பின்னால் வரும் நொடியில் இன்னொருவர் பின்னை உருவிவிட வேண்டும். இதுவரை பிரேக்கில் அவள், பின்னில் அவர். "விடு! நிறுத்து! உனக்கு இருக்கறது காலா கல்லா?" என்று அவர் போடும் சத்தத்துக்கு, கூடாரம் போட்டவர்களெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்று தனியாகவே நான்கு முறை முயன்றுவிட்டாள். கை பிரேக்கை எடுத்துவிட்டு ஓடி வந்தால் கார் முழுக்கச் சாய்ந்து பின்னை அந்தப் பக்கம் இறுக்கியது. முன்னால் நகர்த்திவிட்டு ஓடி வந்தால் இந்தப் பக்கம். அறுபத்தாறு வயதில் மணலில் எத்தனை முறைதான் ஓடுவது? கடைசியில் அவரையே மறுபடி ஸ்டீயரிங் பக்கம் நகர்த்தி, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது மணி ஒன்றரை. அவள் பின்னை விட்டுவிட்டு, உள்ளங்கை கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவர் ஜன்னலுக்குப் போனாள். அவர் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஈக்கள் உதட்டில் உட்கார்ந்தும் அவர் விரட்டவில்லை.

"ஏன் விட மாட்டேங்கற?"

"விட்டா போகணுமே" என்றார் மெதுவாக. "லாங்ரீச் ஆஸ்பத்திரில குழாயைச் சொருகிப் படுக்க வெப்பாங்க. மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடக்கணும். இந்த மரம் நல்லாத்தான இருக்கு."

கரையில் ஒரு கூலிபா மரம் நின்றது. அதைப்போல ஆயிரம் மரத்தை இந்தப் பயணத்தில் பார்த்தாயிற்று.

"உனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் நோலீன். "எனக்கு? மழை வந்தா ஒரு வாரம் இங்கதான். நீ செத்துப்போய் கெடப்ப, நான் பக்கத்துல ஈ ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதையும் நீயே முடிவு பண்ணிட்ட. வீடு நீ சொன்ன எடத்துல. ஊரும் நீ சொன்ன ஊரு. இந்த எழவு கப்ளிங்கும் நீ சொன்னதுதான். நாப்பத்திமூணு வருஷமா நீ திருப்பின பக்கமெல்லாம் திரும்பிட்டேன் கெல்வின். பின்னாடியே வந்தேன். இன்னிக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு."

சொன்ன பிறகுதான் 'செத்துப்போய்' என்று தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. இத்தனை மாதங்களில் அந்த வார்த்தையை இருவருமே சொன்னதில்லை.

கெல்வின் வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"டீ போடேன்" என்றார் பிறகு.

"கழட்டிட்டுப் போடறேன்."

"சரி. போய்ப் பிடி." அவள் திரும்பியதும், "விரலை உள்ள விட்டுடாத" என்றார்.

அவள் ஓடினாள். காலை அகட்டி நின்று பின்னைப் பிடித்து உடம்பையெல்லாம் சேர்த்து இழுத்தாள். "ம்! விடு!"

விளக்குகள் எரிந்தன. சிவப்பைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள். தோள்பட்டை வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. விட்டுவிட்டுத் துடைக்கவும் பயம், அந்த நொடியில் அவர் விட்டால் என்ன செய்வது? மேற்கே எங்கோ இடி உருண்டது.

"கெல்வின்! போதும் பிடிவாதம்!"

விளக்குகள் அணைந்தன.

கார் பெருமூச்சு விட்டதுபோல ஒரு அங்குலம் பின்னால் வந்தது. பின் அவள் கையோடு வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது, வெண்ணெயிலிருந்து கத்தியை எடுத்ததுபோல. அவள் தடுமாறி மணலில் உட்கார்ந்துவிட்டாள். கார் கேரவனின் முன்கட்டையில் இடித்து நின்றது.

"வந்துடுச்சு!" நோலீன் சத்தமாகச் சிரித்தாள். "பாத்தியா, வந்துடுச்சு! இவ்வளவுதான்! இதுக்குப் போய் இத்தனை நேரம்!"

பின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே முன்னால் ஓடினாள். "நகரு, நகரு, அந்தப் பக்கம் போ, நான் ஓட்டறேன்" என்று கதவைத் திறந்தாள்.

கெல்வின் மரத்தைப் பார்த்தபடி இருந்தார். கால் பிரேக்கிலிருந்து நழுவி, ரப்பர் செருப்பு கழன்று, பெடலுக்குக் கீழே கிடந்தது. அவள் அவர் கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்தாள். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். மறுபடி கழுத்தில் வைத்தாள். கிரீஸ் கறை அவர் தோலில் மூன்று இடத்தில் பட்டது.

அவர்தான் காலை எடுத்தாரா, கால் தானாகவே விழுந்ததா? அவள் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோ கரகரத்தது. "நோலீன், கேக்குதா? இங்க ரெண்டு தூறல் விழுந்துடுச்சு. கழண்டுச்சா?"

அவள் அவர் மடியின் குறுக்காகக் கையை நீட்டி மைக்கை எடுத்தாள்.

"கழண்டுச்சு."

"அப்பாடா! கிளம்பிட்டீங்களா?"

"விமானத்தைத் திரும்பிப் போகச் சொல்லிடு மார்னி. மழையில அவங்களும் மாட்டிக்கப் போறாங்க."

மார்னி, "நோலீன்..." என்றாள். நோலீன் மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள்.

குனிந்து செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டினாள். பின்னை, கழற்றியதும் அவர் எப்போதும் வைக்கும் இடத்தில், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தாள். கண்ணாடியில் முதல் துளி விழுந்து புழுதியில் கோடு போட்டது. கை பிரேக் போடாமல் அவர் ஒருநாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. அவள் அதை எட்டிப் பிடித்து, கடைசிப் பல் வரை இழுத்துவிட்டாள்.