நேற்றைய பெர்மிட்

எட்வர்டுக்கு ஆங்கிலம் எழுத வரும், படிக்க வராது. இப்படியும் ஓர் ஆள் உண்டா என்று கேட்காதீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டரான அவர், டேங்குக்குள் ஆளை இறக்குமுன் ஆங்கிலத்தில் ஒரு பெர்மிட், அதாவது உள்ளே இறங்கலாம் என்கிற பாதுகாப்பு அனுமதிச் சீட்டு, எழுத வேண்டும். நேற்றைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதியையும் டேங்க் நம்பரையும் மாற்றி, மிச்சத்தை அச்சுப் பிசகாமல் எழுதிவிடுவார். எல்லா ஷிப்டிலும் அதுதான் வழக்கம். எட்வர்ட் கையெழுத்து மணி மணியாக இருக்கும் என்று பெயர் வேறு.

அன்று காலை மூன்றாம் டேங்கைக் கழுவ ஹெல்பர் வரதன் இறங்கினான். எட்வர்ட் மேலே டேங்கின் வாயருகே காவலுக்கு உட்கார்ந்தார். சூப்பர்வைசர் பரீட்சை வருகிறதே என்று ஒரு வாரமாக மகள் பிரின்சியின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எந்த வாக்கியமானாலும் எது, என்ன ஆனது, எப்போது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும் என்று அதில் போட்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று, தான் எழுதிய பெர்மிட்டையே எடுத்துக் கேட்டுப் பார்த்தார்.

எது? நீராவிக் குழாய். என்ன ஆனது? மூடிப் பூட்டப்பட்டது. எப்போது? வேலை தொடங்குமுன்.

யார் பூட்டினார்கள்? தினமும் பூட்டுவது மெக்கானிக் ரகு. ரகு இன்று லீவு.

எட்வர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து ஐம்பத்தைந்து. பதினொன்றுக்கு அந்தக் குழாய் வழியாக டேங்குக்குள் நீராவி விடுவார்கள். அதை மூடும் வால்வு இருப்பதோ ஷெட்டின் அந்தக் கோடியில்; ஆளை உள்ளே விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

"வரதா, மேல வா."

"இன்னாண்ணா, பாதிதான் கழுவிகீறேன்."

"அப்புறம் கழுவலாம். ஏறுடா."

குரல் அவருடையதாகவே இல்லை. வரதன் ஆடி அசைந்து ஏறினான், பாவி. பாதி ஏணியில் கால் வழுக்கித் தொங்கினான். எட்வர்ட் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். சோப்புத் தண்ணீரில் பிடி நழுவியது. மாதாவைக் கூப்பிடவும் மறந்துபோய், அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

இருவரும் தரையில் கிடந்தபோது டேங்கின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வரதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறைக்க எட்வர்டுக்குத் தெம்பில்லை. பெர்மிட்டை நீட்டினார்.

"குழாய பூட்டியாச்சுன்னு இதுல நான் எழுதிகீறேன். பூட்டல. நேத்து எழுதினத பாத்து எழுதினேன். இத்தினி வருசமா அப்படித்தான். இன்னா எழுதுறேன்னு இன்னிக்கித்தான் படிச்சேன்."

வரதன் தாளை வாங்கவில்லை. அதன் அடியில் அவன் கையெழுத்தும் இருந்தது.

"எனக்கும் படிக்க வராதுண்ணா," என்றான் மெதுவாக. "நீ தெரிஞ்சிக்கினுதான் எழுதுறன்னு நெனச்சி, தெனம் உள்ள எறங்கிக்கினு இருந்தேன்."