நாற்பத்தோராம் பக்கத்து இயந்திரக் கை

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில் வரையப்பட்டிருந்த இயந்திரக் கை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தாளைவிட்டு எழுந்து, மேசையிலிருந்த ரப்பரைத் தூக்கி மூன்று அங்குலம் தள்ளி வைத்தது. அந்தப் படத்தை அவள் ஒன்பது முறை வரைந்திருந்தாள். ஓரக்கோடு கோணல், நிழல் அதிகம் என்று பேராசிரியர் எட்டு முறை கிழித்துப் போட்டிருந்தார். நிஜ இயந்திரக் கை அதே பல்கலைக்கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பூட்டிய ஆய்வகத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு வருடமாக நின்றது. தரச்சான்று தரும் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறையைக் கழற்றுவார்கள். மாணவர்கள் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்து வரைந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் அசையும் படத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "படம்னா சும்மா கிடக்கணும். திரும்ப வரைஞ்சு எடுத்துட்டு வா" என்று சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார்.

அவளால் அப்படி விட்டுவிட முடியவில்லை. அவளுடைய அம்மா பத்தொன்பது வருடம் ஒரு பிஸ்கட் ஆலையில் பாக்கெட் ஒட்டியவள். முந்தைய ஆண்டு அங்கே நான்கு இயந்திரக் கைகள் வந்து இறங்க, முப்பது பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இதை ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் வேலை, உங்கள் மகள் அதைத்தானே படிக்கிறாள் என்று மேலாளர் ஆறுதல் சொன்னார். அம்மாவும் நம்பினாள். "உனக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியும்ல?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பாள். "வரையத் தெரியும்மா" என்பாள் மகள், தட்டைப் பார்த்தபடி.

ஆகவே அவள் படத்துக்குக் கட்டளை எழுதிப் பார்த்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதினால் கை அப்படியே செய்தது. தப்பாக எழுதினால் மை பாட்டிலைக் கவிழ்த்தது. ஒருமுறை பக்கத்துப் பெண்ணின் சடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரே மாதத்தில் வகுப்பின் அறுபத்திரண்டு நோட்டுகளிலும் கைகள் எழுந்தன. ஐந்து பருவத்தில் கற்காததை அவர்கள் பதினோரு வாரத்தில் கேன்டீன் மேசையில் கற்றார்கள். படம் அசைவது ஒழுங்கீனம் என்று பல்கலைக்கழகம் அறிக்கை ஒட்டியது. அப்படி அசைந்தால் ரெக்கார்டில் கையெழுத்து கிடையாது, கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வும் கிடையாது.

மகளிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்த அம்மா நேராகக் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனாள்.

"லேப் பூட்டைத் திறங்க சார். பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்."

"பழுதாயிட்டா யாரும்மா பொறுப்பு?"

"பழுதானா சரி பண்ணக் கத்துக்கட்டும். அதுக்குத்தானே அனுப்பினோம்?"

அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார் முதல்வர். அம்மா கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். வகுப்பே நோட்டுகளுடன் பின்னால் வந்தது. பென்சில் கோடு மயிரிழை கனம்தான் என்பதால் படத்துக் கைகள் சாவித்துளைக்குள் நுழைந்து பூட்டைத் திறந்தன. அம்மா உறையை இழுத்தாள். உள்ளே மோட்டார் இல்லை, ஒரு ஒயர்கூட இல்லை. தகரக் கூட்டுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தார்கள். "ஆய்வு நாள்ல நான்தான் பின்னாடி நின்னு கயிறு இழுப்பேன்மா" என்றார் ஆய்வக உதவியாளர், தலையைத் தூக்காமல்.

பின்னாலேயே ஓடி வந்த முதல்வரிடம் அம்மா திரும்பினாள். "பத்தொம்பது வருஷத்துல ஒரு பாக்கெட்டைக்கூட நான் காலியா ஒட்டி அனுப்பினதில்ல சார்."

யாருக்கும் தண்டனை இல்லை. அந்த ஆண்டும் ஆய்வுக்குழு வந்தது, சிறந்த ஆய்வகம் என்று சான்று கொடுத்தது. பழைய உதவியாளர் மறுத்துவிட்டதால் கயிறு இழுக்கப் புது ஆள் போட்டிருந்தார்கள். மகள் பத்தாவது முறை வரைய மறுத்து, பட்டம் இல்லாமலே நோட்டை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். படத்தின் கை மூன்று டஜன் பிஸ்கட்டுகளை ஒன்றும் உடையாமல் அடுக்கியதும் ஆலைப் பொறியாளர் அவளை அன்றே சேர்த்துக்கொண்டார். அம்மாவின் வேலை திரும்பி வரவில்லை. சம்பள நாளில் மகள் நீட்டிய கவரை அவள் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

மறு ஆண்டு விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது: தானாக அசையும் படங்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைக்கப்படும். இப்போது அங்கே மாணவர்கள், பேராசிரியர் முன் படம் எழாமலிருக்க, நோட்டுக்கு இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். கையெழுத்து வாங்கியதும் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.