ஏழாம் லயத்துக்கு முந்திய வருஷம்

தோட்டத் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் ஏழாம் லயத்துக்குப் புதுக் கூரைத் தகரம் வந்து இறங்கியது 1998 மார்ச்சில். அதே வாரம் டெலி நாடகக்காரர்களும் வந்து இறங்கினார்கள். கொழும்புப் பையன் ஒருவன் காலத்தில் பின்னோக்கிப் போய், 1938இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்விழிப்பது கதை. அறுபது வருஷத்துக்குத் தேவையான ஜோடனைச் சாமான்களை டைரக்டர் லொறி நிறையக் கொண்டுவந்திருந்தார். தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த இந்த லயத்தைப் பார்த்ததும், எதையும் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீவி அன்டெனாவைக் கழற்றி, பிளாஸ்டிக் வாளிகளை ஒளித்துவைத்தால் போதுமாம்.

இதற்குப் பெருமைப்படுவதா என்று மல்லிகாவுக்குத் தெரியவில்லை. லயத்து அறைகளில் நாலாவது காம்பராவில் இருக்கிற ரப்பர்ப் பால்வெட்டுக்காரி அவள். வாளிகள் கூரை ஒழுகலுக்கு வைத்தவை. மகள் ஷாமிளாவுக்கு மே மாதம் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பச்சைப்பிள்ளையை இந்த ஒழுகலுக்குக் கீழேயா கிடத்துவது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

படப்பிடிப்பு முடியும்வரை கூரையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தோட்ட மேனேஜர் தொரை சொல்லிவிட்டார். தோட்ட ஆபீசில் யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் தருமலிங்கம் அதை வந்து அறிவித்தார்.

"பொறுமையாய் இரும் மல்லிகா. படம் பிடிச்சு முடிய உடனே போடுவினம்."

"எப்பங்க ஐயா முடியும்?"

"கதாநாயகனுக்கு இப்ப நேரமில்லையாம். ஜூன் எண்டு சொல்லுகினம்."

காலத்தையே தாண்டப் போகிறவனுக்கு ஜூன் வரைக்கும் நேரமில்லை.

கெமரா வைக்க இடம் பார்க்க டைரக்டர் மறுபடி வந்தபோது, அவள் ஒரு பிளேன் டீ கொடுத்து உட்காரவைத்தாள். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்; அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

"முப்பத்தெட்டுல என்னங்க மாத்தயா இருக்கு? இதே லயம், இதே தண்ணிப் பீலி, இதே கக்கூசு. வந்து சேர்ந்தது அந்தப் பையனுக்கே வெளங்காது."

டைரக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படின்னா எவ்வளவு தூரம் பின்னால போகணும்?"

லயத்துச் சுவரில் கட்டிய வருஷம் பொறித்திருப்பதை மல்லிகா முதலிலேயே பார்த்து வைத்திருந்தாள். "தொளாயிரத்துப் பதினொண்ணுக்கு முந்தி போங்க. அப்ப இங்க லயமே இல்ல. எங்க ஆளுங்க காடு வெட்டிட்டு இருந்தாங்க. பாம்பு, அட்டை, காய்ச்சல். டீவி பாக்குறவங்க எடத்த விட்டு எந்திரிக்க மாட்டாங்க."

"ராஜாக்கள் காலத்துக்கே போயிடலாமா?"

"அது உங்க இஷ்டம். பதினொண்ணுக்கு இந்தப் பக்கம் மட்டும் வந்துறாதீங்க."

டைரக்டர் 1908 என்று எழுதிக்கொண்டு, காடு தேடிப் போய்விட்டார். ஏப்ரல் கடைசியில் தகரம் ஏறியது. ஏழாம் லயத்துக்கு மட்டும்தான். மற்ற ஆறு லயங்களுக்கு லொறியில் ஒன்றும் வந்திருக்கவில்லை. மே நடுவில் பேத்தி வீட்டுக்கு வந்தாள். அன்று மத்தியானமே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. மல்லிகா காம்பராவுக்கு நடுவில் உட்கார்ந்து, சந்தோஷத்தில் அழுதாள்.

ஜூலையில் டைரக்டர் திரும்பி வந்தார். கடைசிக் காட்சியில் பையன் நிகழ்காலத்துக்குத் திரும்புகிறானாம்; காடு வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறானாம். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது சரிவராது. இந்தத் தகரத்தப் பாத்தா, இப்ப இருக்கிற லயம்னு யாரும் நம்ப மாட்டாங்க." பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடந்த ஆறாம் லயத்தைக் கை நீட்டிக் காட்டினார். "அதுதான் சரி. அதுதான் இன்றைய காலம்."

தன் கூரைக்கு இனி ஆபத்தில்லை என்று மல்லிகா நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளுக்கோ கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"பின்னாலயே போய்ட்டு வாறீங்களே மாத்தயா. கொஞ்சம் முன்னாலயும் போங்களேன். அந்த லயத்துக்குத் தகரம் போட்ட வருஷத்துக்குப் போங்க."

டைரக்டருக்கு யோசனை பிடித்துவிட்டது. பேனாவை எடுத்தார்.

"எந்த வருஷம்னு போடட்டும்?"

"அத தொரைகிட்ட கேட்டு எழுதிக்கங்க" என்றாள் மல்லிகா. "எங்களுக்கும் வந்து சொல்லிட்டுப் போங்க."